காரை மண்ணில் ஜிப்சம் இருந்தும் ஏன் விளையவில்லை? இதுவரை சோதித்துப் பார்த்தது

நிலக்கடலை போடுகிறவர்கள் விதைத்த 40, 45ஆம் நாளில் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் தூவி மண் அணைப்பார்கள். காய் திரட்சியாக வர அதிலுள்ள சுண்ணாம்புச்சத்து வேண்டும். காசு கொடுத்து வாங்குகிற அந்தச் சரக்கு, பெரம்பலூர் மாவட்டம் காரை பக்கத்து ஓடைக் காடுகளில் தரையிலேயே சில்லு சில்லாகக் கிடக்கிறது. ஆனாலும் அந்த மேடுகளில் வெள்ளாமை கிடையாது, ஆடு மேய்வதோடு சரி. இதற்குக் காரணம் என்ன என்று மண்ணை எடுத்துப் பார்க்கத் தொடங்கினேன்.

அடியில் இருப்பது களிப்பாறை, அதாவது ஷேல். ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தபோது படிந்த சேறு இறுகி உண்டானது. ஊட்டத்தூர் தொகுதி என்று புவியியலாளர்கள் சொல்வதில் இது ஒரு பகுதி. பிளான்ஃபோர்டு என்ற ஆங்கிலேயப் புவியியலாளர் 1862லேயே இந்தப் பாறைகளைப் பற்றி விரிவாக எழுதிவிட்டார். கணவாய் போன்ற பழங்காலக் கடல் உயிரியான பெலம்னைட்டின் தோட்டா வடிவப் புதைபடிவங்கள் இன்றும் கண்ணில் படும். அவற்றை எடுக்க வேண்டாம், கிடந்த இடத்திலேயே கிடக்கட்டும். அள்ளிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் மனசு ஆறவில்லை.

மண்ணுக்கு வருகிறேன். புதிதாகக் குழி வெட்டவில்லை. ஓடை அரித்த கரையையே கொத்தால் செதுக்கி, வெட்டுமுகத்தைச் சுத்தமாக்கிப் பார்த்தேன். மேலே இரண்டு விரற்கடை அளவுக்குப் பொலபொலவென்று உப்பிய மண், கால் வைத்தால் அமுங்குகிறது. அதன் கீழே மஞ்சளும் சாம்பலும் கலந்த களி. நனைத்து விரலிடுக்கில் பிதுக்கினால் நீளப் பட்டையாக வருகிறது, சட்டென்று அறுவதில்லை. அதற்குள் வெள்ளை நூல் ஓடினாற்போல ஜிப்சம் இழைகள். ஒரு சாண் தாண்டியதும் களியில் பாறையின் அடுக்கு தெரிய ஆரம்பிக்கிறது. ஒரு முழத்துக்குள் முழுக்கத் தட்டுத் தட்டான ஷேல்தான். கடப்பாரை அதில் இறங்குகிறது, வேர் இறங்கவில்லை. அங்கே நின்ற புல்லின் வேரைப் பின்தொடர்ந்து பார்த்தேன். ஷேலைத் தொட்ட இடத்தில் திரும்பி, தட்டுகளின் இடுக்கில் படுக்கைவாட்டில் ஓடி, சப்பையாக நசுங்கிப்போயிருந்தது. பாறை 50 சென்டிமீட்டருக்குள் வந்துவிட்டால் அதை ஆழமற்ற மண் என்பார்கள். இங்கே அந்த அளவுகூட இல்லை.

அங்கே ஆடு ஓட்டிக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர், "மழ பேஞ்சா கால் வழுக்கும் தம்பி, ரெண்டு நாள் வெயிலடிச்சா வெடிச்சுப் போயிரும்" என்றார். களியின் குணத்தை அதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

அப்புறம் வீட்டில் சோதனை. பளபளத்த சில்லு நகத்தால் கீறினாலே கோடு விழுந்தது. வினிகர் விட்டால் நுரைக்கவில்லை, ஆகவே சுண்ணாம்புக்கல் இல்லை. ஆனால் களி லேசாக நுரைத்தது, அதில் சுண்ணாம்பு கொஞ்சம் இருக்கிறது. ஷேலில் ஜிப்சம் சேருவதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணத்துக்கு இது பொருந்துகிறது. பாறையிலுள்ள பைரைட் என்ற இரும்பு-கந்தகக் கனிமம் காற்றும் நீரும் பட்டுக் கந்தக அமிலமாகிறது. அந்த அமிலம் சிப்பி ஓட்டுச் சுண்ணாம்பைக் கரைக்கிறது. கரைந்தது விரிசல்களில் ஜிப்சமாக உறைகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது அசிட்டோன் சோதனை. மண்ணைப் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் நன்றாகக் குலுக்கி, வடிதாளில் வடிகட்டினால் தெளிந்த நீர் வரும். அதே அளவு அசிட்டோனை அதில் ஊற்றியதும், கண்ணெதிரே வெண்மை திரண்டு மெல்ல அடியில் இறங்குகிறது. நீரில் கரைந்திருந்த ஜிப்சம் அசிட்டோனில் கரையாததால் வெளியே வந்துவிடுகிறது. அடுப்புப் பக்கம் மட்டும் இதைச் செய்யாதீர்கள், அசிட்டோன் குப்பென்று பற்றும்.

ஈரப்பதம் பார்ப்பதில் ஒரு விஷயம் இருக்கிறது. ஜிப்சத்தின் எடையில் ஏறக்குறைய 21 சதவீதம் படிகத்துக்குள் கட்டுண்ட தண்ணீர். வழக்கம்போல 105 டிகிரியில் மண்ணைக் காயவைத்தால் அந்தத் தண்ணீரும் சேர்ந்து போகத் தொடங்கும், மண்ணில் இல்லாத ஈரம் கணக்கில் ஏறிவிடும். அதனால் நான் 50 டிகிரிக்கு மேல் போவதில்லை. நேரம் அதிகம் பிடிக்கும், பரவாயில்லை.

சரி, ஜிப்சம் இருப்பது உறுதி. அது கெடுதலா? இந்த அளவுக்கு இருப்பதால் கெடுதல் இல்லை என்றே நினைக்கிறேன். லிட்டருக்குச் சுமார் 2.5 கிராம்தான் நீரில் கரையும், சாப்பாட்டு உப்பைப் போல வேரை வாட்டாது. களித் துகள்களைக் கலையவிடாமல் சேர்த்துப் பிடிக்கவும் செய்யும், களர் நிலத்துக்கு ஜிப்சம் போடச் சொல்வதும் அதற்குத்தான். என் சந்தேகமெல்லாம் ஆழத்தின் மேல். ஐப்பசி, கார்த்திகையில் எவ்வளவு பெய்தாலும் அந்த ஒரு சாண் களி பிடிக்கிற தண்ணீர் எத்தனை நாளைக்கு வரும்? மிச்சம் ஓடையில் போய்விடுகிறது.

இதைப் பார்க்கத்தான் பிவிசி குழாய்களை வெட்டி நிறுத்தியிருக்கிறேன். எல்லாவற்றிலும் அதே காரை மண், சிலவற்றில் ஒரு சாண், சிலவற்றில் மூன்று சாண். சோளம் விதைத்து, முளைத்தபின் முழுக்க நனைத்துவிட்டு, அதற்குப் பிறகு தண்ணீர் காட்டவில்லை. ஒரு சாண் குழாயில் இலைகள் நடுப்பகலில் சுருள ஆரம்பித்து, இப்போது சாயங்காலமும் விரிவதில்லை. மூன்று சாண் குழாயில் பயிர் இன்னும் பச்சையாக நிமிர்ந்து நிற்கிறது. மண் ஒன்றுதான், ஜிப்சமும் ஒன்றுதான், ஆழம் மட்டும் வேறு.

அடுத்த சுற்றில் மூன்று சாண் குழாயில் அடி இரண்டு சாணுக்கு உடையாத ஷேல் தட்டுகளை அடுக்கப் போகிறேன். வேர் அந்த இடுக்கில் எவ்வளவு தூரம் போகிறது என்று குழாயை நீளவாக்கில் பிளந்து அளக்க வேண்டும். சோளத்தோடு கொழுக்கட்டைப் புல்லும் வைக்கிறேன், மேய்ச்சல் நிலத்துக்கு அதுதானே உதவும்.