சிலிண்டர் கழுத்தில் தொங்கும் சாவி

அம்மாவின் அறையில் ஜன்னல் கம்பியோடு சேர்த்துச் சங்கிலி போட்டுக் கட்டிய ஆக்சிஜன் சிலிண்டர் நிற்கிறது. வால்வைத் திறக்கும் சாவியை அதன் கழுத்திலேயே நாடாவில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். போன வாரம் வீட்டு வேலைக்கு வரும் அக்கா, கீழே விழுந்துவிடுமே என்று அதைக் கழற்றிச் சாமி அலமாரியில் வைத்துவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அவர் மிரண்டுபோனார். பிறகு அவரை உட்காரவைத்து 2015-இல் நடந்ததைச் சொன்னேன்.

அப்போது சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனை ஐசியூவில் நர்ஸ். டிசம்பர் 1, நைட் டியூட்டி. தாம்பரத்தில் அந்த 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டார்கள். அடையாறு தெருவுக்குள் வந்தது. எங்கள் ஜெனரேட்டர் இருந்ததோ பேஸ்மென்டில். டீசல் இருந்தது, ஆபரேட்டர் இருந்தார், மாதாமாதம் ஓட்டிப் பார்த்ததற்கு ரிஜிஸ்டரில் கையெழுத்தும் இருந்தது. பேஸ்மென்டுக்குள் தண்ணீர் வந்தால் என்ன செய்வது என்று மட்டும் யாரும் கேட்டிருக்கவில்லை.

வென்டிலேட்டரில் மூன்று பேர். பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்று தெரியாது. கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பேக் கையில் இருந்தது இரண்டு. மூன்றாவது ஸ்டோர் அலமாரியில். அதன் சாவி பகல் ஷிஃப்ட் இன்சார்ஜோடு வீட்டுக்குப் போய்விட்டது. போனும் போகவில்லை. ஐவி ஸ்டாண்டை நுழைத்து நெம்பித்தான் அலமாரியைத் திறந்தோம்.

ஆள் போதவில்லை. வெளியே பெஞ்சில் இருந்த ஒரு நோயாளியின் மகனைக் கூப்பிட்டேன். ஆட்டோ ஓட்டுகிற பையன். "ஆறு விநாடிக்கு ஒரு அமுக்கு தம்பி. வேகமா வேண்டாம். அப்பா நெஞ்சு ஏறுதான்னு மட்டும் பாருங்க" என்றேன். செல்போன் வெளிச்சத்தில் ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ண ஆரம்பித்தான். விடியற்காலை மூன்று மணிக்குக் குரல் போய், உதடு மட்டும் எண்ணிக்கொண்டிருந்தது. மாற்றிவிடுகிறேன் என்றால் தலையை ஆட்டி மறுத்தான். காலையில் பெட்ஷீட்டில் படுக்கவைத்து, ஆறு பேர் தூக்கி, மூன்று மாடி இறக்கினோம். படியில் இறங்கும்போதும் பையை அமுக்கியது அவன்தான். அவன் அப்பாவை உயிரோடு வண்டியில் ஏற்றினோம்.

அம்மாவுக்கு நுரையீரல் போனது விறகடுப்புப் புகையில். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டர் மெஷின் கரண்டில்தான் ஓடும். அதற்காகத்தான் இந்த பி டைப் சிலிண்டர். முழுக்க நிரம்பியிருந்தால் சுமார் 1,500 லிட்டர் ஆக்சிஜன். நிமிடத்துக்கு 2 லிட்டர் வைத்தால் பன்னிரண்டு மணி நேரம் வரும். பயத்தில் குமிழைத் திருகி 5-க்கு ஏற்றிவிடக் கூடாது. அம்மா மாதிரி சிஓபிடி என்கிற நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு ஆக்சிஜன் அதிகமானாலும் ஆபத்து; ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 88 சதவீதத்துக்கும் 92-க்கும் நடுவில் நின்றால் போதும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன். எண்ணெய்க் கையோடு ரெகுலேட்டரைத் தொடக் கூடாது, தீப்பிடிக்கும். விளக்கும் மெழுகுவத்தியும் அந்த அறைக்குள் வரவே கூடாது. "கார்த்திகைக்குக் கூடவா பாப்பா?" என்று அம்மா கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது. விளக்கை வாசலில் ஏற்றி, அம்மாவின் நாற்காலியைக் கதவுக்கு நேரே திருப்பிப் போட்டேன்.

மாதத்தில் ஒரு ஞாயிறு ராத்திரி மெயினை அணைத்து, இருட்டிலேயே குழாயை மாற்றிப் பழகுகிறோம். முதல் தடவை என் மகனுக்கு நான்கு நிமிடம் ஆனது. இப்போது ஒரு நிமிடத்துக்குள் முடித்துவிடுகிறான்.

நேற்று அக்காவையும் நிற்கவைத்தேன். இருட்டில் சங்கிலியைத் தடவி, நாடாவைப் பிடித்து, சாவியை எடுத்தார்.

"இடது பக்கமாம்மா?"

"ஆமாக்கா, மெதுவா."

பாட்டிலில் தண்ணீர் குமிழியிடும் சத்தம் கேட்டது. அம்மா இருட்டிலேயே கையை நீட்டி அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.