செக்ரோலின் நகல் எங்கே கிடக்கிறது?

மலேசியாவில் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்ட ஆபிஸ்களில் கணினி பழுது பார்ப்பது என் பிழைப்பு. பல இடங்களில் ஒரே கணினி, ஒரே லாகின். காலையில் கிராணி (குமாஸ்தா) உட்காருவார், மதியம் ஸ்டோர்காரர், நடுவில் பிரிண்ட் எடுக்க மண்டோர் (மேஸ்திரி) வருவார்.

மாதக் கடைசியில் செக்ரோல், அதாவது தொழிலாளர்களின் வருகை, சம்பளக் கணக்கு, மெயிலில் வரும். ஐசி (அடையாள அட்டை) நம்பர், இபிஎஃப் (சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) பிடித்தம் எல்லாம் அதில் இருக்கும். மெயிலோடு வரும் இணைப்பு ஃபைலை மெயிலில் இருந்தபடியே திறந்தால், மெயில் புரோகிராம் அதற்கு ஒரு நகல் எழுதி, அந்த நகலைத்தான் எக்செலிடம் கொடுக்கும்.

"தம்பி, காலையில முழுக்கத் திருத்தி சேவ் பண்ணேன். இப்பத் திறந்தா பழைய கணக்குத்தான் இருக்கு" என்றார் ஒரு கிராணி.

திருத்தம் எல்லாம் நகலில் இருந்தது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்து அவுட்லுக் மெயில் புரோகிராம், டெம்பரரி இன்டர்நெட் ஃபைல்ஸ் என்ற ஃபோல்டருக்குள் ஓஎல்கே என்று தொடங்கி, கண்டபடி எழுத்துகளோடு முடியும் ஒரு மறைவான ஃபோல்டரில் நகல்களைப் போடும். பாதையை யாரும் ஊகிக்கக் கூடாது என்பதற்காக அந்தப் பெயர். நியாயம்தான், ஆனால் சொந்தக்காரருக்கே வழி தெரியாது. இணைப்பை மறுபடி திறந்து 'சேவ் ஆஸ்' கொடுத்தேன். அந்தப் பெட்டி ஃபோல்டரைக் காட்டிக்கொடுத்தது. போன மாதங்களின் செக்ரோல்களும் உள்ளே வரிசையாகக் கிடந்தன. இணைப்பை மூடாமல் மெயிலை மூடினால் நகல் அப்படியே தங்கிவிடும். மாதாமாதம் ஒரே பெயரில் வரும் ஃபைலுக்கு இன்னொரு தொல்லை உண்டு: பழைய பதிப்புகளில் நகல்கள் நூறை நெருங்கினால், ஃபைலை உருவாக்க முடியாது என்று இணைப்பைத் திறக்கவே விடாது.

விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் ஓடும் கணினிகளில், தற்காலிக ஃபைல்களுக்கான பொதுவான டெம்ப் ஃபோல்டருக்குள் எல்லோரும் நுழையலாம். அடுத்தவர் ஃபைலை அழிக்க முடியாது, அவ்வளவுதான். படிக்க முடியாமல் இருக்க, எழுதும் புரோகிராம்தான் அனுமதியைப் பூட்ட வேண்டும். எனக்குப் பிடித்தது, மடல்களைச் சேமிக்கும் மெயில்டிர் முறை. அஞ்சல் பெட்டிக்குள்ளேயே டெம்ப், நியூ, கர் என்று மூன்று ஃபோல்டர்கள். மடல் முதலில் டெம்ப்பில் முழுதாக எழுதப்பட்டு, அப்புறம்தான் நியூவுக்குப் போகும். இரண்டும் ஒரே வட்டில் இருப்பதால் அந்த நகர்த்தல் ஒரே அடியில் முடியும்; பாதி எழுதிய மடல் யார் கண்ணிலும் படாது.

என்னைக் கேட்டால், நகல் பயனரின் சொந்த ஃபோல்டரில் இருக்க வேண்டும். மெயிலை மூடும்போது புரோகிராமே துடைக்க வேண்டும். நெட்வொர்க்கில் எல்லோரும் திறக்கும் ஃபோல்டரில் வைக்கவே கூடாது. ஒரே லாகினை நாலு பேர் புழங்கினால் சொந்த ஃபோல்டருக்கு என்ன அர்த்தம்? அதனால் அந்த ஆபிஸில் ஆளுக்கு ஒரு லாகின் போட்டுக் கொடுத்தேன். பாஸ்வர்ட் அடிக்க நேரமாகிறது என்று ஸ்டோர்காரர் இன்னும் முனகுகிறார்.