பூனைக்காலி விதையும் அப்பாவின் கைநடுக்கமும்

அப்பாவுக்குப் பார்க்கின்சன் என்ற நரம்பு நோய் வந்து நாலு வருஷம் ஆகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டுவது போல உரசிக்கொண்டிருக்கும், சட்டை போட ஆரம்பித்தால் கடைசிப் பொத்தானுக்கு வருவதற்குள் காப்பி ஆறிவிடும். போன மாதம் சொந்தக்காரர் ஒருவர் பூனைக்காலி விதைப் பொடி கொடுத்துவிட்டு, "மூலிகைதானே, நரம்புக்கு நல்லது, ஒண்ணும் பண்ணாது" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா எங்களிடம் சொல்லாமல் மாத்திரையோடு தினமும் பாலில் ஒரு ஸ்பூன் கலந்து குடித்திருக்கிறார். பத்தே நாளில் நடுக்கம் குறைந்தது உண்மை. ஆனால் கழுத்தும் தோளும் அவரைக் கேட்காமலே நெளிய ஆரம்பித்தன.

"ஒண்ணும் பண்ணாது" என்பதுதான் தப்பு. அந்த விதையில் இருப்பது லெவோடோபா, அப்பா விழுங்கும் மாத்திரையில் இருக்கும் அதே மருந்து. 1937-லேயே தாமோதரன், ராமசாமி என்ற இருவர் நம் சென்னை சேப்பாக்கத்தில், பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தில் அதைப் பூனைக்காலியிலிருந்து பிரித்தெடுத்துவிட்டார்கள். அது எதற்கு உதவும் என்று அப்போது தெரியாது. 1957-ல் ஸ்வீடனில் கார்ல்சன் என்ற விஞ்ஞானி, சர்ப்பகந்தா மூலிகையிலிருந்து வந்த ரெசர்பின் என்ற மருந்து கொடுத்து அசையாமல் கிடந்த முயல்களுக்கு டோபா (லெவோடோபாவைச் சுருக்கி இப்படியும் சொல்வார்கள்) ஊசி போட்டதும் அவை எழுந்து நடமாடின. 1961-ல் வியன்னாவில் பார்க்கின்சன் நோயாளிகளுக்கே கொடுத்துப் பார்த்தார்கள். படுக்க வைத்ததும் மூலிகை, எழுப்பியதும் மூலிகையில் இருக்கும் பொருள், எனக்கு இது இன்னும் ஆச்சரியம்தான்.

சரி, அப்பாவுக்கு ஏன் உடம்பு நெளிந்தது? லெவோடோபா மூளைக்குள் போய்த்தான் டோபமினாக, அதாவது உடல் அசைவுக்கு மூளைக்குத் தேவையான ரசாயனமாக, மாற வேண்டும். ஆனால் அங்கே போவதற்குள் உடம்பிலேயே பெரும்பகுதி அப்படி மாறி வீணாகிவிடும், அதைத் தடுக்கத்தான் மாத்திரையில் கார்பிடோபா சேர்க்கிறார்கள். பொடியையும் கூடவே சாப்பிட்டால் அந்தக் கார்பிடோபா பொடியில் உள்ள டோபாவையும் காப்பாற்றி மூளைக்கு அனுப்பிவிடும். அளவு எகிறிவிட்டது, அவ்வளவுதான்.

இன்னொன்று. பூனைக்காலி நரம்பணுக்களைக் காப்பாற்றுகிறது என்று பலர் நம்புகிறார்கள். டோபமின் சுரக்கும் அணுக்கள் பாதிக்கு மேல் அழிந்தபிறகுதான் நடுக்கமே வெளியில் தெரிகிறது, லெவோடோபா குறைந்ததை நிரப்புகிறதே தவிர மிச்சமிருப்பதைக் காக்கிறது என்று நிரூபணமாகவில்லை.

பூனைக்காலியை நான் குறை சொல்லவே இல்லை. 2004-ல் லண்டனில் 8 நோயாளிகளிடம் செய்த ஆய்வில், பூனைக்காலிப் பொடியானது லெவோடோபா மாத்திரையைவிடச் சீக்கிரம் வேலை செய்தது, பலனும் அதிக நேரம் நின்றது. மருந்து என்பதால்தான் மருந்தைப் போல அளந்து கொடுக்க வேண்டும் என்கிறேன். கடைப் பொடியில் ஒரு ஸ்பூனுக்கு எவ்வளவு டோபா என்று யார் அளந்தார்கள்?

டாக்டரிடம் பொட்டலத்தையே எடுத்துப்போய்க் காட்டினோம். அவர் திட்டவில்லை, எந்த நேரம், எத்தனை ஸ்பூன் என்று கேட்டு எழுதிக்கொண்டு பொடியை மட்டும் நிறுத்தச் சொன்னார். நெளிவு நின்றுவிட்டது. உங்கள் வீட்டிலும் யாராவது ரகசியமாகக் குடிக்கிறார்களா என்று இன்றைக்கே கேட்டுப் பாருங்கள்.