அடி விழாத நேரம்

சாலிகிராமத்தில் ஒரு மொட்டை மாடி. ஸ்டண்ட் மாஸ்டர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு என் லேப்டாப்பில் டெக்கன் 3 என்ற சண்டை வீடியோ கேமைப் பார்க்கிறார். சுற்றி அவருடைய ஃபைட்டர்கள் ஏழெட்டுப் பேர், கையில் டீ. ரெண்டு நிமிஷம் பேசாமல் பார்த்தவர், "ஏம்மா, இதுல யாரு நம்ம ஆளு?" என்றார். "நீங்க யாரை எடுக்குறீங்களோ அவர்தான் மாஸ்டர்" என்றேன். "எல்லாருமே ஹீரோவா? அப்ப கதை?" என்று கேட்டுவிட்டு டீயைக் குடித்தார். அந்தக் கேள்வியோடுதான் அடுத்த ஏழு மாதம் குடித்தனம் நடத்தினேன்.

விஷயம் இதுதான். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டியில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. அந்த நேரத்தில் சென்னையில் ஒரு சின்ன கம்பெனி சிலம்பம், வெறுங்கைச் சண்டையான குத்துவரிசை, சுருள்வாள் எல்லாம் வைத்து மொபைலுக்கு ஒரு சண்டை கேம் செய்து முடித்திருந்தது. அதைப் படமாக எடுக்க வேண்டும், முதலில் நான்கு நிமிஷத்துக்கு ஒரே ஒரு சண்டையை மாதிரிக்கு எடுத்துக் காட்டுங்கள் என்று எங்கள் டைரக்டரிடம் வந்தார்கள். நான் அப்போது அவரிடம் அசிஸ்டன்ட். ஆபீசில் சண்டை கேம் ஆடிப் பழகிய ஒரே ஆள் நான்தான் என்பதால் வேலை என் தலையில் விழுந்தது. எனக்கு அதில் சந்தோஷம்தான்.

நான் வளர்ந்தது பெரம்பூரில். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் ஒரு வீட்டின் முன்னறையை கேம் கடையாக்கி வைத்திருந்தார் ஒரு அண்ணன், ஒரு மணி நேரத்துக்கு 20 ரூபாய். பெண் பிள்ளைகள் தனியாக அங்கே போக முடியாது, என் அண்ணன் போகும்போது ஒட்டிக்கொண்டு போவேன். ஓரத்தில் பழைய பெட்டி மெஷினில் முஸ்தபா, கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் 97. உள்ளே பிளேஸ்டேஷனில் டெக்கன் 3. அண்ணன் ஒவ்வொரு மூவையும் நோட்டில் எழுதிப் படித்தவன். நான் எடி கோர்டோ என்ற ஆளை எடுத்துக்கொண்டு ரெண்டு கால் பட்டனையும் கண்ணை மூடித் தட்டுவேன், எடி தரையில் கையூன்றிச் சுழன்று சுழன்று உதைப்பான், அண்ணன் தோற்றுவிட்டு வீடு வரைக்கும் பேசாமல் வருவான். டெக்கனில் நான்கு பட்டன். ரெண்டு கைக்கு ரெண்டு, ரெண்டு காலுக்கு ரெண்டு. உடம்பையே விரல் நுனிக்குக் கொண்டுவந்துவிடுகிற ஏற்பாடு அது. அங்கே யாருக்கும் கதை தெரியாது. ஆனால் ஒவ்வொருத்தனுக்கும் தன் ஆள் யார் என்று தெரியும், அவனுக்கு அடி விழுந்தால் வலிக்கும்.

அந்த வலியைத் திரைக்கு எப்படிக் கொண்டுவருவது என்பதுதான் முழு வேலையும். அது எனக்கு ரொம்பத் தாமதமாகத்தான் புரிந்தது. முதல் ஒரு மாதம் சண்டை கேம்களை வைத்து இதற்கு முன்னால் வந்த படங்களைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தோம். 1994-இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் படத்தில் கேமில் இருக்கிற கிட்டத்தட்ட எல்லாரையும் உள்ளே கொண்டுவந்திருப்பார்கள். கேம் ஆடியவர்களுக்கு முகமாக இருந்த ரியூவும் கென்னும் ஓரத்துக்குப் போய், வான் டாம் நடித்த கைல் நாயகனாகிவிடுவார். நம்ம ஊர் யோகியான தால்சிம் அதில் ஆய்வுக்கூடத்து விஞ்ஞானி. ராவுல் ஹூலியா மட்டும் வில்லனாக அவ்வளவு ஈடுபாட்டோடு நடித்திருப்பார். படம் வெளிவரும்போது அவர் உயிரோடு இல்லை என்பது தெரிந்த பிறகு அந்தக் காட்சிகளை என்னால் சாதாரணமாகப் பார்க்க முடியவில்லை.

அடுத்த வருஷமே வந்த மார்ட்டல் காம்பாட் செய்தது வேறு. மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து, ஒரு தீவு, ஒரு போட்டி, அவ்வளவுதான் கதை என்று நிறுத்திக்கொண்டது. எடுத்து முடித்துச் சோதனைக்குப் போட்டுக் காட்டியபோது சண்டை போதவில்லை என்று பார்த்தவர்கள் சொல்ல, அப்புறம் சேர்த்து எடுத்ததில் ஒன்றுதான் லியு காங்கும் ரெப்டைலும் மோதும் சண்டை. லியு காங்காக நடித்த ராபின் ஷூவே அதை அமைத்தார். எங்கள் மாஸ்டருக்கு அந்தப் படத்திலேயே பிடித்தது அதுதான், யார் அமைத்தது என்று நான் சொல்வதற்கு முன்னாலேயே "இது அடி வாங்கத் தெரிஞ்சவன் போட்ட ஃபைட்டு" என்றார். 2021-இல் வந்த புதுப் படம் கேமில் இல்லாத கோல் யங் என்ற ஒருவனை நடுவில் வைத்தது. பார்க்கிறவர்களுக்குக் கைப்பிடியாக ஒரு புது ஆள் வேண்டும் என்று நினைத்திருக்கலாம். எனக்கு அது சரியாகப் படவில்லை. நடிகர்கள் சனாடாவும் ஜோ டஸ்லிமும் மோதும் அந்த ஆரம்பக் காட்சியில் கைப்பிடி தானாகவே கிடைத்துவிடுகிறதே.

2014-இல் ஜோயி ஆன்சா இயக்கிய ஸ்ட்ரீட் ஃபைட்டர் வெப் தொடரைப் பார்த்த அன்றைக்குத்தான் எங்களுக்குக் கொஞ்சம் தெளிவு வந்தது. உலகப் போட்டி கிடையாது, பத்துப் பதினைந்து பேர் கிடையாது. ஒரு குரு, ரெண்டு சிஷ்யர்கள், மலையோரத்தில் பயிற்சி. சரி, நாமும் கேமில் இருக்கிற 12 பேரில் ரெண்டே பேரை எடுப்போம் என்று முடிவு செய்தோம். ஒரே ஆசானிடம் கற்ற அக்கா, தம்பி. அவளுக்குக் கம்பு, அவனுக்குக் குத்துவரிசை. இடம் ராயபுரத்தில் ஒரு பழைய கிடங்கு.

எழுதுவது வரை சுலபம். கம்போசிங், அதாவது சண்டையை அடி அடியாக அமைப்பது, ஆரம்பித்த பிறகுதான் கஷ்டம். கேம் பெரும்பாலும் ஒரு வினாடிக்கு 60 ஃபிரேம் ஓடும். ஒரு லேசான குத்து, பட்டனை அழுத்தியதிலிருந்து நான்கே ஃபிரேமில் எதிராளியைத் தொட்டுவிடும். சினிமா ஒரு வினாடிக்கு 24 ஃபிரேம். அதே குத்து இங்கே ரெண்டு ஃபிரேமுக்கும் குறைவு, கண்ணில் படவே படாது. அதனால் நம்ம ஃபைட்டர்கள் கையைப் பின்னால் இழுத்து, தோளைத் திருப்பி, வருகிறது பார் என்று சொல்லிவிட்டுத்தான் அடிப்பார்கள், வேகம் போதவில்லை என்றால் "22-ல எடு" என்று கேமராவை மாற்றச் சொல்வார்கள், 22 ஃபிரேமில் எடுத்ததை 24-இல் ஓட்டினால் வேகம் கூடித் தெரியும்.

அடி படும் இடம் இன்னும் விசித்திரம். கேமில் அடி பட்டதும் ரெண்டு உருவமும் சில ஃபிரேம் அப்படியே உறைந்து நிற்கும், அந்த உறைவில்தான் கனம் இருக்கிறது. எங்கள் எடிட்டர் நேர் எதிர். அடி படுகிற இடத்தில் ரெண்டு ஃபிரேமை வெட்டி எறிந்துவிடுவார், அப்போதுதான் முகம் சட்டென்று திரும்பும். ஒரே அடியை உணர்த்த ஒன்று நேரத்தைக் கூட்டுகிறது, இன்னொன்று கழிக்கிறது. நான் ஒருமுறை கேம் மாதிரியே உறைய வைத்துப் பார்க்கலாம் என்று கேட்டு, அவரும் பொறுமையாகச் செய்து காட்டினார். டிவி நின்றுபோன மாதிரி இருந்தது.

அப்புறம் அந்தக் கோம்போ, இடைவிடாமல் அடிக்குப் பின்னால் அடி சேர்ப்பது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-ஐ உருவாக்கியபோது காரை உடைக்கும் போனஸ் கட்டத்தில் ஒரு குத்துக்குப் பின்னால் இன்னொன்று இடைவெளி இல்லாமல் சேர்வதைத் தயாரிப்பாளர் ஃபுனாமிசு தற்செயலாகக் கவனித்தார், வேண்டுமென்று வைத்ததல்ல, அப்படியே விட்டுவிட்டார்கள். 1991-இல் அப்படித் தொடங்கியதுதான் இன்றைக்கு சண்டை கேம் என்றாலே கோம்போ என்று ஆகிவிட்டது. எங்கள் கேமிலும் தம்பி கதாபாத்திரத்துக்கு ஒரு மூவ் உண்டு. எதிராளியைத் தூக்கிவிட்டு, அவன் கீழே விழுவதற்குள் அந்தரத்திலேயே ஐந்து அடி. விளம்பரப் படமே அதுதான். கம்பெனிக்காரர்கள் அது கட்டாயம் வேண்டும் என்றார்கள், நானும் அவர்கள் பக்கம் நின்றேன்.

ரோப் கட்டினோம். ஆறு பேர் இழுக்க, ஃபைட்டர்களில் ஒருவன், புளியந்தோப்புப் பையன், அந்தரத்தில் தொங்கி ஐந்து அடி வாங்க வேண்டும். கேமில் மிதப்பது போல இருப்பது, நிஜ உடம்பில் கொடியில் காயப்போட்ட துணி மாதிரி ஆடியது. தரையில் கால் இல்லாதவனால் அடிக்கு ரியாக்‌ஷன் கொடுக்கவே முடியாது, அடி வாங்குவதற்கும் பிடிமானம் வேண்டும். மாஸ்டர் மூன்றாவது டேக்கிலேயே "வேணாம்மா, இது வராது" என்று சொல்லிவிட்டார். நான்தான் இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று கேட்டேன். ஒன்பதாவது டேக்கில் இறங்கும்போது அவன் வலது முட்டி திரும்பிவிட்டது. அட்டைப்பெட்டியும் மேட்டும் போட்டுத்தான் இருந்தோம், விழுந்தது அதன் விளிம்பில். சத்தம் கூடப் போடவில்லை அவன், உதட்டைக் கடித்துக்கொண்டு "ஒண்ணும் இல்லக்கா" என்றான். ஆறு வாரம் வேலைக்குப் போக முடியவில்லை. கம்பெனி முதல் ஸ்கேனுக்கு மட்டும் பணம் தந்தது, மற்றதை மாஸ்டரும் டைரக்டரும் போட்டார்கள், என்னால் முடிந்ததை நானும் கொடுத்தேன். அவன் வீட்டுக்குப் போய் அவன் அம்மா முன்னால் உட்கார்ந்த அந்த அரை மணி நேரம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, காபி கொடுத்தார்.

அதற்குப் பிறகு ரெண்டு வாரம் வேலை நின்றது. அந்த இடைவெளியில் மாஸ்டர் என்னைத் தண்டையார்பேட்டையில் தனக்குத் தெரிந்த ஒரு சிலம்ப ஆசானிடம் அனுப்பினார். சாயங்காலம் மைதானத்தில் இருபது பிள்ளைகள், ஒவ்வொருவர் கையிலும் தங்கள் நெற்றி உயரத்துக்கு ஒரு கம்பு. ரெண்டு பெண் பிள்ளைகளைத் தொடுமுறைக்கு நிற்க வைத்தார். எதிராளியின் உடம்பைக் கம்பால் தொட்டால் புள்ளி. நான் போனில் எடுத்துக்கொண்டே இருந்தேன். மூன்று நிமிஷ வீடியோவில் தொட்டது நான்கே முறை. மீதி நேரம் முழுக்கக் காலடிதான். முன்னே ஒன்று, பின்னே ரெண்டு, பக்கவாட்டில் ஒன்று, கம்பு மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

"ஏன் ஆசானே அடிக்காமலே இருக்காங்க?" என்று கேட்டேன்.

"அடிச்சுட்டா கம்பு அங்க போயிடும்ல. திரும்ப வர்ற வரைக்கும் அடிச்சவ சும்மாதான நிக்கணும். அதுக்குத்தான் அவ காத்துக்கிட்டு இருக்கா, இவளும் காத்துக்கிட்டு இருக்கா" என்றார்.

எனக்கு அப்படியே பெரம்பூர் கடை ஞாபகம் வந்தது. சண்டை கேமில் ஒவ்வொரு அடிக்கும் மூன்று பாகம் உண்டு. அடி கிளம்பும் நேரம், படும் நேரம், பட்டோ படாமலோ போய்த் திரும்பி வரும் நேரம். இந்த மூன்றாவதில் எந்தப் பட்டனைத் தட்டினாலும் உங்கள் ஆள் கேட்க மாட்டான். நன்றாக ஆடுகிறவர்கள் அந்த நேரத்துக்காகத்தான் காத்திருப்பார்கள். என் அண்ணன் நோட்டில் எழுதிப் படித்தது மூவை மட்டும் இல்லை, எந்த மூவ் தவறினால் எவ்வளவு நேரம் திறந்து நிற்போம் என்பதையும்தான். கடையில் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்ததும் அந்த நேரத்தைத்தான். நாங்கள் ஏழு மாதத்தில் நான்கு மாதத்தை மூவுக்கே செலவழித்துவிட்டோம். அடி விழாத நேரத்தைப் பற்றி யோசிக்கவே இல்லை.

மாஸ்டரிடம் வீடியோவைக் காட்டினேன். ரெண்டு தடவை பார்த்தார். மறுநாள் காலையில் பழைய கம்போசிங் முழுவதையும் கலைத்துவிட்டார். அந்தரத்தில் ஐந்து அடி போயிற்று, அதற்குப் பதிலாகக் கிடங்கின் சுவரோரம். முதுகுக்குச் சுவர் இருப்பதால் வாங்குகிறவருக்குப் பிடிமானம் இருந்தது, ஒவ்வொரு அடியும் உடம்பில் இறங்கியது. புதுச் சண்டையில் நான்கு நிமிஷத்துக்கு மொத்தம் 11 அடிதான் படும். 30-க்கு மேல் தவறும். ஒவ்வொரு தவறுதலுக்கும் ஒரு விலை வைத்தோம். கம்பு தூணில் பட்டு அதிர்ந்து அக்காவின் விரல் திறக்கும், தம்பியின் குத்து காற்றில் போய் இடது விலா திறந்து நிற்கும். கேமில் யாருக்கு எவ்வளவு உயிர் மிச்சம் என்று மேலே காட்டும் உயிர்க்கோட்டுக்குப் பதிலாக அக்காவின் கம்பு நுனியை வைத்துக்கொண்டோம். முதலில் அது எதிராளியின் மார்பு உயரத்தில் நிற்கும், நேரம் ஆக ஆகத் தாழ்ந்து, கடைசியில் தரையைத் தொட்டுக்கொண்டு இருக்கும். அதைச் சொல்லிக் கொடுத்தது அக்காவாக நடித்த நடிகைதான். ரெண்டு மணி நேரம் பயிற்சி செய்தால் தன் கை தானாக அப்படித்தான் இறங்குகிறது என்றார்.

ரெண்டு ராத்திரியில் எடுத்து முடித்தோம். முட்டி சரியாகி வந்த பையன் ரெண்டாம் நாள் மேட் தூக்கிப் போட வந்திருந்தான். சண்டைக்கு வர அவனுக்கு ஆசை, மாஸ்டர் விடவில்லை.

கம்பெனிக்குப் பிடிக்கவில்லை. விளம்பரத்தில் இருக்கும் ஐந்து அடி எங்கே, சண்டையில் இவ்வளவு நேரம் ஏன் சும்மா நிற்கிறார்கள் என்று கேட்டார்கள். டைரக்டர் சொல்லிப் பார்த்தார். பேச்சு இழுத்துக்கொண்டே போய், பணம் வரவில்லை, படமும் நடக்கவில்லை. என் கடைசி ரெண்டு மாதச் சம்பளம் இன்னும் பாக்கி. அது எனக்கு வருத்தம்தான், ஆனால் அந்த நான்கு நிமிஷத்தை அவர்கள் கேட்டபடி எடுத்திருக்கலாமோ என்று ஒருநாள்கூட நினைத்ததில்லை.

பொங்கலுக்கு வீட்டுக்குப் போனபோது அண்ணனுக்கு அதைப் போட்டுக் காட்டினேன். அவன் இப்போது அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் சூப்பர்வைசர், கேம் விட்டுப் பல வருஷம் ஆகிறது. பேசாமல் பார்த்துக்கொண்டே வந்தவன், ரெண்டாவது நிமிஷத்தில் ஓரிடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து, "அடிடா!" என்று கத்திவிட்டான். அக்காவின் கம்பு தூணில் பட்டுத் திரும்பும் இடம். தம்பி அங்கே அடிக்க மாட்டான், ஒரு காலடி பின்னால் வைப்பான்.

"இவ்ளோ ஓப்பனா நிக்கிறா, இவன் ஏன் அடிக்கல?" என்றான் அண்ணன். அக்கா என்பதால் தயங்குகிறான் என்றேன். "அது சரி. அதுக்கு அவன் கை ஒரு தடவையாவது கிளம்பி நிக்கணும்ல. இப்படிப் பின்னால போனா அவனுக்குத் தெரியவே இல்லைன்னு தோணுது" என்றான்.

அவன் சொன்னது சரி. ராத்திரியே மாஸ்டருக்கு போன் செய்து சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அந்த ஷாட் மறுபடி எடுக்க எவ்ளோம்மா ஆகும்?" என்று கேட்டார்.