ஆறுமணிக்குருவி வந்த நேரம் நான் வீட்டில் இல்லை

போன வருஷம் என் கொப்பியில் ஏறியது 111 பறவைகள். அம்மாவைக் கேட்டால் 112 என்பார். அந்த ஒன்றில்தான் வழக்கே.

ஜனவரியில் பைனாகுலர் வாங்கிய கையோடு, வெள்ளவத்தை நாலாம் மாடிப் பல்கனியில் நின்று, எதிர்த் தொடர்மாடித் தண்ணீர்த் தாங்கியில் குந்தியிருந்த செம்பருந்தைப் பார்த்தேன். சத்தியமாகச் செம்பருந்தைத்தான். அதற்கு நேர் கீழே ஒரு அன்ரி உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தது எனக்கு எப்படித் தெரியும்? பின்னேரம் வீட்டுக்கே வந்துவிட்டார். "உங்கட மகனை நல்ல பிள்ளை எண்டெல்லோ நினைச்சனான்." அன்றோடு பல்கனியில் எனக்குத் தடை.

அப்புறம் என்ன, விடிய ஐந்து மணிக்கு எழும்பி, கொழும்புக்குப் பக்கத்துத் தலங்கம ஈரநிலத்துக்கு ஓடவேண்டியதாயிற்று. 2018இல் கொழும்புக்கு ராம்சார் ஈரநில நகரம் என்ற பட்டம் கிடைத்த கதையைச் சொல்லித்தான் அம்மாவிடம் அனுமதி கேட்டேன். "பட்டம் கொழும்புக்குத்தானே, உனக்கில்லையே" என்றார்.

பெப்ரவரியில் அரசவால் ஈபிடிப்பான், ஆண், முழு வெள்ளை, பின்னால் நாடா மாதிரி இரண்டு வால் இறகு. சிங்களத்தில் இதற்கு 'சுது ரெதி ஹொரா', அதாவது வெள்ளைத் துணிக் கள்ளன். இந்தப் பெயரை அன்ரிக்குச் சொல்லாமல் விட்டது நான் அந்த வருஷம் செய்த ஒரே புத்தியான காரியம். நாடாளுமன்றப் பக்கம் விளக்குக் கம்பத்தில் இருந்த கூழைக்கடாவைப் பார்த்தபோது, காவலுக்கு நின்றவர் அடையாள அட்டையையும் பைனாகுலரையும் மாறி மாறிப் பார்த்தார், பிறகு கூழைக்கடாவைப் பார்த்தார், பிறகு பத்து நிமிஷம் பைனாகுலரைத் திருப்பித் தரவேயில்லை.

ஆனால் எனக்கு வேண்டியிருந்தது ஆறுமணிக்குருவி. ஒக்டோபரில் இந்தியாவிலிருந்து இரவிரவாகப் பறந்து வந்து இறங்கும், களைத்துப்போய்க் கண்ணாடி ஜன்னலிலும் மோதும். அதைத் தேடி நாலு ஞாயிறு தலங்கமவில் மழையில் நனைந்தேன். கண்டதெல்லாம் தாழைக்கோழியும் மீன்கொத்தியும்தான். நாலாம் ஞாயிறு காலை போன் அடித்தது.

"குளியலறைக்குள்ள ஒரு குருவி நிக்குது. வாலைக் காணேல்ல. பூனை கடிச்சுப்போட்டுதோ தெரியாது."

எனக்கு நெஞ்சு அடைத்தது. "அம்மா, படம் எடுங்கோ, நான் வாறன்!"

எடுத்தார். சிவப்பு வாளி, அரைத் தேய்ந்த சவர்க்காரம், கோப்பை எல்லாம் வலு தெளிவு. மூலையில் ஒரு பச்சைக் கலங்கல்.

ஓட்டோவில் விழுந்தடித்து வந்து சேர்ந்தால், வாசலில் அம்மாவும் எதிர்த் தொடர்மாடி அன்ரியும். பயத்தில் அம்மா கூப்பிட்டது அவரைத்தானாம். சுளகால் மூடிப் பிடித்து, மட்டைப் பெட்டியில் கொஞ்ச நேரம் இருளில் வைத்து, கீழே மாமரத்தடியில் விட்டுவிட்டார்களாம். அன்ரி ஒப்புவித்தார்: "முதுகு பச்சை, செட்டையில நீலம், வாலுக்குக் கீழ நல்ல சிவப்பு, கண்ணுக்குக் குறுக்கால மை பூசின மாதிரி. கட்டை வால், தம்பி, பிறவியே அப்பிடித்தான் போல." புத்தகத்தில்கூட இவ்வளவு சரியாக இல்லை. மாமரத்தடியில் இருட்டும்வரை நின்றேன். ஒரு காகம் வந்தது.

நான் காணாததை என் கொப்பியில் ஏற்றமுடியாது என்று அம்மாவோடு இன்னும் வாக்குவாதம். அன்ரிதான் மறுநாள் மெதுவாகக் கேட்டார், "தம்பி, அந்தப் பைனாகுலரை ஒரு கிழமைக்குத் தாறீங்களோ?"

கொடுத்து மூன்று மாதமாகிறது. இப்போது நான் பல்கனியில் உடுப்புக் காயப்போடப் போனால், எதிரில் அவர் நிற்கிறார்.