முதலில் ஜிப்அலைன், அப்புறம்தான் சைன்

மூன்று வாரம் இழுத்த வேலை நேற்று இரவு முடிந்தது. மூலநிரலிலிருந்து நானே பில்ட் செய்து, என் சாவியால் சைன் செய்த (டிஜிட்டல் கையொப்பம் போட்ட) ஆன்டெனாபாட் என்ற பாட்காஸ்ட் ஆப் அம்மாவின் போனில் ஓடுகிறது! பகலெல்லாம் கொழுந்து பறித்து நுனி காய்த்துப்போன விரலுக்கு அதன் பிளே பட்டன் சிக்கவே இல்லை. நாலு தரம் தொட்டால் ஒரு தரம்தான் கதை ஓடும். திரை அமைப்பைச் சொல்லும் லேஅவுட் கோப்பில் பட்டனைப் பெரிதாக்கியது பத்து நிமிட வேலை. மற்ற நாளெல்லாம் சைனிங் தின்றது.

பில்டுக்கு வேண்டிய லைப்ரரிகளை நள்ளிரவு தாண்டி, இரவுநேர டேட்டாவில் இறக்கிக்கொண்டேன். ஒருமுறை இறங்கிவிட்டால் பில்ட் செய்யும் கருவியான கிரேடிலை ஆஃப்லைனில் ஓட்டலாம்; சிக்னலுக்காக மேட்டு லயத்துக்கு (தோட்டக் குடியிருப்பு வரிசைக்கு) ஏற வேண்டாம். என் கணினியின் 4 ஜிபி ராமில் அது பாதியிலேயே செத்தது. ஹட்டன் டவுனில் பழைய பாகம் விற்கும் கடையொன்றில் இன்னொரு 4 ஜிபி வாங்கினேன். கடையிலேயே போட்டு, ஆன் செய்து பார்த்து வாங்குங்கள். எனக்குக் கொடுத்த முதல் துண்டு பழுது.

இனி சைனிங். கடவுச்சொல்லை பில்ட் கோப்பில் எழுதி வைக்க எனக்கு மனம் வராது. அதனால் சைன் ஆகாத ஏபிகேயை (போனில் ஏற்றும் ஆப் கோப்பு) எடுத்து, எப்போதோ குறித்து வைத்த முறைப்படி ஜார்சைனர் (பழைய சைனிங் கருவி), பிறகு ஜிப்அலைன் (ஏபிகேயின் உள்ளே இருப்பவற்றைச் சரியான இடத்துக்கு நகர்த்தும் கருவி) என்று போனேன். என் ஆண்ட்ராய்ட் 9 போனில் மளமளவென்று ஏறியது. அம்மாவின் 12இல் ஏறவில்லை. ஏன் என்று திரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. போனைக் கணினியோடு வயரில் இணைத்து, ஏடிபி என்ற கருவியில் ஏற்றிப் பார்த்தபோதுதான் விஷயம் வெளிவந்தது. (அதற்கும் முன்னால் ஒரு மாலை வீண். பஸ் ஸ்டாண்டில் வாங்கிய வயர் சார்ஜ் மட்டும்தான் ஏற்றும்.) ஆப்பின் இலக்கு எஸ்டிகே (எந்த ஆண்ட்ராய்ட் பதிப்பைக் குறிவைக்கிறது என்று சொல்லும் எண்) 30 அல்லது அதற்கு மேல் என்றால், ஆண்ட்ராய்ட் 11 முதல் வி2 என்ற புதிய வகைக் கையொப்பமாவது இருந்தே ஆக வேண்டும். ஜார்சைனர் போடுவது பழைய வகையான வி1 மட்டும்.

சரி என்று, வி2 போடத் தெரிந்த ஏபிகேசைனர் கருவிக்கு மாறினேன், ஆனால் பழைய வரிசையிலேயே. அங்கே இன்னும் இரண்டு இரவு போனது. வி1 உள்ளே இருக்கும் கோப்புகளைத் தனித்தனியாகச் சைன் செய்கிறது. பிறகு ஜிப்அலைன் அவற்றை நகர்த்தினாலும் ஒன்றும் ஆகாது. வி2 முழு ஏபிகேயையும் பைட் பைட்டாகக் கணக்கெடுத்து, ஜிப்பின் கடைசி அட்டவணைக்கு முன்னால் தன் கையொப்பத்தைச் செருகுகிறது. அதற்குப் பிறகு ஜிப்அலைன் கை வைத்தால் கையொப்பமே போச்சு. முதலில் ஜிப்அலைன், கடைசியில் ஏபிகேசைனர், அதோடு கையை எடுத்துவிட வேண்டும். ஏபிகேசைனரில் வெரிஃபை (கையொப்பச் சோதனை) கொடுத்தபோது வி2க்கு நேரே ட்ரூ என்று விழுந்ததும் அடுப்படியில் இருந்த அம்மாவைக் கூப்பிட்டுவிட்டேன்.

எஃப்-டிராய்ட் என்ற ஆப் தளத்திலிருந்து ஏற்றிய ஆன்டெனாபாட் இருந்தால், சாவி வேறென்பதால் இது அதன்மேல் ஏறாது. டேட்டாபேஸை ஏற்றுமதி செய்துவிட்டு நீக்குங்கள். என் சாவிக்கு 10,000 நாள் ஆயுள் கொடுத்திருக்கிறேன், 27 ஆண்டுக்கு மேல். அது தொலைந்தால் அப்டேட்டே கிடையாது. அதனால் ஒரு பென்டிரைவ் வீட்டில், இன்னொன்று பண்டாரவளையில் அக்காவிடம்.

ஐகன் நிறம் மாற்றுவது இன்னும் பாக்கி. அதற்குள் ஆர்கானிக் மேப்ஸ் என்ற வரைபட ஆப்பை பில்ட் செய்யும் ஆசை வந்துவிட்டது. அது வரைபடம் எடுக்கும் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் எங்கள் தோட்ட டிவிஷன் குறுக்குப்பாதைகளை வரைந்துகொண்டிருக்கிறேன்.

காலையில் அம்மா, "மகன், பின்னுக்குப் போற பட்டனையும் இப்படிப் பெருசாக்கித் தா" என்றார். இன்று இரவு அது. அதே சாவி, எதையும் நீக்காமல் மேலேயே ஏறும்.