பட்டவராயர் சந்நிதியில் ஒரு சோடிச் செருப்பு

எந்தக் கோயிலுக்குப் போனாலும் வாசலில் நாம் முதலில் செய்வது செருப்பைக் கழற்றுவதுதான். அந்தச் செருப்பையே இரு கைகளிலும் ஏந்திச் சென்று சாமிக்குக் காணிக்கையாகக் கொடுக்கும் சந்நிதி ஒன்று திருநெல்வேலிச் சீமையில் இருக்கிறது. பாபநாசத்துக்கு மேலே, காரையாற்றுக்குப் போகும் வழியில், தாமிரபரணிக் கரையில் அமைந்த சொரிமுத்து ஐயனார் கோயிலில் பட்டவராயர் சந்நிதி அது. தாய்வழியில் எங்களுக்கு ஐயனாரே குலதெய்வம் என்றாலும், ஆடி அமாவாசைக் கூட்டத்துக்கு அஞ்சி இத்தனை ஆண்டுகளாக வேறு நாள்களில்தான் போய் வந்திருக்கிறேன். சென்ற ஆண்டு அம்மா நேர்ந்துகொண்ட செருப்பைச் செலுத்துவதற்காக அமாவாசைக்கே போக வேண்டியதாயிற்று.

பாபநாசத்தில் ஆற்றில் முழுகி, நவகைலாயத்தில் முதலாவதான பாபநாசநாதரையும் உலகம்மையையும் வணங்கிவிட்டு, மலைக்குப் போகும் அரசுப் பேருந்தில் நின்றபடியே ஏறினோம். களக்காடு, முண்டந்துறைச் சரணாலயங்களை இணைத்து 1988-இல் அமைத்த புலிகள் காப்பகத்துக்குள் கோயில் இருப்பதால், திருவிழா நாள்களில் வனத்துறையின் கட்டுப்பாடுகள் மிகுதி. அவை வேண்டியவைதான், ஆற்றில் நாம் விட்டுவரும் பழந்துணிகளைப் பார்த்தவர்கள் குறை சொல்ல மாட்டார்கள்.

கோயிலில் ஐயனாரும் மகாலிங்கசுவாமியும் மூலவர்களாக இருக்க, சங்கிலிபூதத்தார், பிரம்மராட்சசி, தளவாய் மாடன், தூசி மாடன், பேச்சியம்மன் எனப் பல தெய்வங்கள் தத்தம் இடங்களில் இருக்கின்றன. அடியார்கள் கட்டிய மணிகளைத் தன் பட்டைக்குள் வாங்கிக்கொள்ளும் இலுப்பை மரத்தை மணி விழுங்கி மரம் என்கிறார்கள். இரவில் ஆற்றங்கரை முழுவதும் கூடாரங்கள். எங்கள் பக்கத்துக் கூடாரத்துப் பெரியவர், “ஐயாவுக்கு எந்த ஊரு?” என்று கேட்டார். சொன்னேன். நெல்லைப் பக்கத்தில் ஊரைக் கேட்டவர் அத்தோடு நிற்பது அரிது. அடுத்து எந்தத் தெரு, யார் வீடு என்று சுற்றி வளைத்து நாம் என்ன ஆட்கள் என்பதில் வந்து முடியும். பெரியவரும், “உங்களுக்கு எந்த சாமி?” என்றார். குலதெய்வக் கோயிலில் அது இயல்பான கேள்விதான்; ஆனாலும் பல நேரங்களில் அதற்கான விடையிலேயே சாதி ஒட்டிக்கொண்டிருக்கும். கூடாரங்களும் அடுப்புகளும் சொந்தபந்தங்களாகவே பிரிந்து கிடந்தன என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். “செருப்புக் கொண்டாந்திருக்கோம்” என்று மட்டும் சொன்னேன். “அப்ப பட்டனுக்கா!” என்று முகம் மலர்ந்தவர், பிறகு விடியும் வரை பட்டன் கதையைத் தவிர வேறெதுவும் பேசவில்லை.

அந்தக் கதையை இங்கே வில்லுப்பாட்டில் கேட்டு வளர்ந்தவர்கள் பலர். இங்கே பட்டவராயராக நிற்கும் முத்துப்பட்டன் பிராமணன். இந்தக் காட்டு வழியில் பொம்மக்கா, திம்மக்கா என்னும் அக்கா தங்கையரின் பாட்டைக் கேட்டு மயங்கி, அவர்களின் தந்தை வாலப்பகடையிடம் சென்று பெண் கேட்கிறான். மாட்டுப்பட்டிக்குக் காவல் இருந்து, தோல் வேலையும் செய்யும் அருந்ததியர் அவர். பட்டனை ஏற இறங்கப் பார்த்து, குடுமியை அறுத்துப் பூணூலைக் கழற்றிவிட்டு, செருப்புத் தைத்துக்கொண்டு வந்தால் பெண் தருவதாகச் சொல்கிறார். தன்னை விலக்கிவைத்த குலத்தான் ஒருவனிடம், உன் அடையாளத்தை விட்டுவிட்டு என் தொழிலைக் கற்று வா என்று சொல்லும் அந்த இடத்தில், பெண் கொடுப்பவரின் மிடுக்கோடு வாலப்பகடை நிமிர்ந்து நிற்கிறார். பட்டனும் அப்படியே செய்து, செருப்போடு வந்து இருவரையும் மணக்கிறான். பின்னர் மாமனாரின் பட்டி மாடுகளைக் கவர வந்தவர்களோடு போரிட்டு மாள்கிறான். மனைவியர் சிங்கம்பட்டி அரசரிடம் அனுமதி பெற்று அவன் சிதையில் ஏறுகிறார்கள். அந்தப் பகுதி வரும்போது என் மனம் இன்றும் சுருங்குகிறது.

அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணக் குழந்தைகள் என்றும், காட்டில் கிடந்தவர்களை வாலப்பகடை எடுத்து வளர்த்தார் என்றும் சிலர் பாடுவதுண்டு. கதையின் உயிரை எடுத்துவிடும் ஒட்டு அது என்பதே என் எண்ணம். அவர்கள் பகடையின் பெற்ற மக்களாக இல்லாவிட்டால், பட்டன் எதைக் கடந்து வந்தான்? பெரியவரிடம் இதைக் கேட்டபோது, “அது பயந்தவன் சேத்தது” என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

மறுநாள் காலையில் செருப்பைக் கையில் எடுத்தபோது எனக்கு ஒரு தயக்கம் வந்தது. தோலில் தைத்த புதுச் செருப்பு, எந்தக் காலும் படாதது. இருந்தும் சந்நிதி வாசலில் அதை மார்புக்கு நேரே ஏந்தி நிற்கக் கை கூசியது. கீழ்ச்சாதி என்று ஒதுக்கப்பட்டவர்கள் மேல்சாதித் தெருக்களில் செருப்பணிந்து நடக்கக்கூடாது என்று தடுத்த காலம் இந்தச் சீமையிலும் இருந்தது. அந்தத் தடையில் இருந்த அருவருப்பில் ஒரு துளி என் கையிலும் மிச்சம் இருந்திருக்கிறது. ஐயனாரின் காட்டுக்கு வந்த பிறகுதான் அது எனக்கே தெரிந்தது. முன்னால் நின்ற ஒரு பெண், தன் செருப்புச் சோடியைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்து, கண்ணீரோடு “அய்யா, பட்டவராயா” என்று கூப்பிட்டபடி நகர்ந்தார். பொம்மக்கா, திம்மக்காவோடு நின்ற பட்டவராயருக்கு நானும் செருப்பைக் கொடுத்துவிட்டு விழுந்து வணங்கினேன். முந்தைய ஆண்டுகளில் வந்த செருப்புகள் அங்கே தொங்கிக்கொண்டிருந்தன. இரவில் பட்டன் அவற்றை அணிந்து காட்டைச் சுற்றிவருவதால் அவை தேய்ந்து போகும் என்பது இங்குள்ளவர்களின் நம்பிக்கை.

வெளியே வந்து பார்த்தால், கழற்றிவைத்த இடத்தில் என் செருப்பைக் காணவில்லை. நண்பகல் வெயிலில் சரளைக் கற்கள் தகித்தன. பேருந்து நிற்கும் இடமோ தொலைவில் இருந்தது. அடுப்புக் கற்களைக் கலைத்துக்கொண்டிருந்த பெரியவர் நான் நொண்டுவதைப் பார்த்துச் சிரித்தார்.

“பட்டனுக்கு ஒரு சோடி பத்தலபோல. இந்தாங்க, இதப் போட்டுட்டுப் போங்க. பேரன் கூட வந்து திருப்பி வாங்கிட்டு வந்துருவான்.”

தம் கால் செருப்பைக் கழற்றி என் முன்னால் வைத்தார். ஒரு வார் அறுந்து, கம்பியால் கட்டியிருந்தது. என் காலுக்குப் பெரியது. அதை மாட்டிக்கொண்டு, பையனோடு பேருந்து வரை நடந்தேன். படியில் ஏறியதும் கழற்றிக் கொடுத்தேன். பையன் அதைத் தாத்தாவிடம் சேர்க்க, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் ஓடினான்.